நாலாவது தலைப்பு

சலவை ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கசங்கின சட்டையோடு வீட்டு ஆளை வாசல் தாண்ட விடமாட்டார்கள். அடுப்பு எரியாமல் இருக்கலாம், கூரை ஒழுகலாம், காலர் மட்டும் விறைப்பாக நிற்க வேண்டும். மடிப்புக்காரிக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. ஆலையில் அவளுக்குப் பெயரே அதுதான். ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதித் துண்டு, தலையணை உறை என்று சூடாக மேஜையில் வந்து விழுவதையெல்லாம் ஒரு உதறு உதறி மடித்து அடுக்கிக்கொண்டே இருப்பாள். அந்தக் கைதான் வீட்டுக்காரர் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். டாக்டரைப் பார்க்கப் போகிறாரே என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் அதே ஆலையில் துணி வெளுக்கிற பெரிய டிரம்முக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒரு ஆள் குனிந்தால் உள்ளே போய்விடலாம், அத்தனை பெரிய வாய் அதற்கு. சில நாள் விரிப்புகள் முறுக்கிக்கொண்டு பின்பக்கமாக மாட்டிக்கொள்ளும். மெஷினை அணைத்து, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆள் உள்ளே இறங்கவேண்டும் என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். சுவரில் எழுதினதை யார் படித்தது? சாவியை உருவினால் மெஷின் மறுபடி சூடேற நேரமாகும், சூப்பர்வைசர் குதிப்பார். அதனால் கதவைத் திறந்து ‘இறங்குறேன்’ என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு இறங்குவது அங்கே பழக்கமாகிவிட்டது. வாயாடி என்று ஒருவன், வீட்டுக்காரருக்கு உயிர்ச் சிநேகிதன், அன்றைக்கும் குரல் கொடுத்துத்தான் இருப்பான். ஆவி சீறுகிற சத்தத்தில் கேட்கவில்லை. “என்னய்யா வேடிக்கை, ஓட்டு!” என்று சூப்பர்வைசர் அதட்ட, வீட்டுக்காரர் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினார். தண்ணீர் கொட்டுகிற சத்தம். பிறகு உள்ளேயிருந்து டொம், டொம் என்று ஒரு சத்தம். விரிப்போடு செருப்பு ஏதாவது வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு வாயாடியோடு வீட்டுக்காரரும் போய்விட்டார். இவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் தண்ணீர் விழுகிற சத்தம் அவருக்கு ஆகாது. குழாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் ஒடுங்கிவிடுவார். மழைக்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம், தகரக் கூரையில் மழை இறங்க இறங்க இவர் போர்வைக்குள்ளிருந்து “கதவத் தொற, கதவத் தொற” என்று அலறுவார். மடிப்புக்காரி அடுப்படிக் குழாயை நூல் போலத் திறந்து, சட்டியில் துணியைப் போட்டு அந்தத் துணிமேல் சத்தமில்லாமல் தண்ணீர் பிடிப்பாள். ஈரத்துணியைப் பிழிந்து கொண்டுவந்து முகம், கழுத்து, அக்குள், கால்விரல் இடுக்கு என்று தினமும் துடைத்துவிடுவாள். தாடி வழித்துவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள். வேலைக்குப் போகுமுன் சோற்றில் முட்டையை உடைத்துப் பிசைந்து ஊட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். ஆலையில் போய் அவள் மடிப்பதும் அதே டிரம்மில் வெளுத்த விரிப்புகளைத்தான். வாயாடியை வெளியே எடுத்த மறுநாளே அதை ஓடவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு விரிப்பு வேண்டாமா?

வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு உண்டு. கை போனால் இத்தனை, விரல் போனால் இத்தனை. மனசு போனால்? அதற்கும் கெட்டிக்காரர்கள் ஒரு அளவு கண்டுபிடித்திருக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறானா, வெளியே நாலு பேரோடு பழகுகிறானா, தனியாகப் போய்வருகிறானா, வீட்டு மனுஷர்களோடு உறவு எப்படி, கவனம் நிற்கிறதா, வேலை செய்வானா என்று ஆறு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் டாக்டர் மார்க் போட்டுக் கூட்டிக் கழித்து, மனசு இத்தனை சதவீதம் கெட்டிருக்கிறது என்பார். பதினைந்தைத் தொட்டால் ஆயுசுக்கும் மாதாமாதம் பணம் கிடைக்கும், ஆலைப் பக்கம் எட்டிப் பார்க்கவேண்டாம். தொடவில்லையென்றால் ஆள் தேறிவிட்டான், வேலைக்கு வா என்று அர்த்தம். அதே கூடம், அதே டிரம்.

முதல் டாக்டர் மரியாதை தெரிந்த மனுஷர். மடிப்புக்காரியைப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார்.

“தினமும் குளிக்கிறீங்களா?” என்றார்.

“ஆமாங்க,” என்றார் வீட்டுக்காரர். ஈரத்துணியால் துடைத்துவிடுவதை அந்த வீட்டில் குளிப்பது என்றுதான் சொல்வார்கள்.

“நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?”

“சாப்பிடுறேங்க.”

“வீட்டுல சண்டை சச்சரவு?”

“அவளோடயா? ஐயோ, அதெல்லாம் கிடையாதுங்க. அவ இல்லேன்னா நான் இல்லைங்க.”

டாக்டர் அவருடைய காலரைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். “நல்லா வெச்சிருக்கீங்கம்மா,” என்றார். மடிப்புக்காரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வெளியே வந்து வீட்டுக்காரரின் தோளைத் தட்டி, “பாத்தீங்களா, டாக்டரே சொல்லிட்டாரு,” என்று சிரித்தாள். பைத்தியக்காரி.

பதினொன்று வந்தது. சுத்தம், குறையில்லை. உறவு, குறையில்லை.

அக்காள் வீட்டு விஷயத்தையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஒரு தம்பி அவளுக்கு உண்டு. வண்டி ஓட்டுகிறவன், வாயும் வண்டி மாதிரியே ஓடும். அவன் வந்து குதித்தான்.

“உன்னை யாருக்கா மாப்பிள்ளை அலங்காரம் பண்ணிக் கூட்டிட்டுப் போகச் சொன்னது? பொண்ணு பாக்கவா போனீங்க?”

“அழுக்குச் சட்டையோட எப்பிடிடா கூட்டிட்டுப் போறது? நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“நல்லா நினைச்சாங்க! இப்ப மாமாவ வேலைக்கு வரச் சொல்லி ஆலைக்காரன் ஆள் மேல ஆள் விடுறான். போய் உன் கையால அந்த டிரம்முக்குள்ளயே தள்ளிட்டு வா!”

மடிப்புக்காரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஆலையிலோ சூப்பர்வைசர் வேறு மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம், “உன் வீட்டுக்காரன் இடம் காலியாத்தான் இருக்கு. துடைச்சு வெச்சிருக்கோம்,” என்பார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாராம்.

முறையிட்டால் கேட்க மேலே ஒரு குழு இருந்தது. அது ஆளைப் பார்க்காமலே காகிதத்தைப் புரட்டிப் பதினொன்றுதான் என்றது. மிச்சம் இருந்தது நீதிமன்றம். தம்பி ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தான். அவருக்கு எப்போதும் தொண்டை கட்டியிருக்கும், பேசுவதைக் கூர்ந்து கேட்கவேண்டும்.

“முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க,” என்றார் அவர். “உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு கஷ்டம்னு நீதிபதி பாக்க மாட்டாரு. அது அவர் வேலை இல்ல. மார்க் குறைச்சலுன்னு நான் போய் நின்னா வெளிய போன்னுடுவாரு. டாக்டர் கேக்கவேண்டிய கேள்வியக் கேக்காம மார்க் போட்டுட்டாருன்னு சொல்லணும். அதுக்குத்தான் காது குடுப்பாரு.”

“என்ன கேள்விங்க மேடம் கேக்கல?”

“யாரு குளிப்பாட்டுறாங்கன்னு கேக்கல.”

 அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு மடிப்புக்காரியே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் புருஷனைக் குழந்தை மாதிரித் துடைத்துவிடுகிறேன் என்று அன்னிய ஆள் எதிரில், அதுவும் அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

நீதிமன்றத்தில் மின்விசிறி கடகடத்தது. ஆலையின் காப்பீட்டுக்காரர்கள் பக்கத்து வக்கீல் நல்ல உயரம். அவர் சட்டைக் காலரில் ஒரு சின்ன மடிப்பு கோணலாக விழுந்திருந்தது. மடிப்புக்காரியின் கண் அங்கேயே போய் நின்றுகொண்டது.

“எதிரில் வந்து உட்கார்ந்தவர் சுத்தமாக இருந்தார். குளிக்கிறேன் என்று அவரே சொன்னார். இதற்கு மேல் டாக்டர் என்ன ஜோசியமா பார்க்கவேண்டும்?” என்றார் அவர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவர் நோயாளியா இல்லையா என்பது என் முன்னால் இருக்கும் கேள்வியே அல்ல. சுத்தமாக இருக்கிறார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். தானாகவா, பிறர் உதவியோடா என்று கேட்டிருக்கிறாரா? காட்டுங்கள்.”

உயர வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.  அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. பதினொன்று செல்லாது, வேறு டாக்டர் புதிதாகப் பார்க்கட்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். வீட்டுக்காரரின் பெயரைக்கூட அவர் ஒரு தடவை முழுசாகச் சொல்லவில்லை. மடிப்புக்காரி அந்த நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். “அப்ப ஜெயிச்சாச்சுங்களா மேடம்?”

“ஜெயிச்சாச்சு. மறுபடியும் பரீட்சை எழுதலாம்னு ஜெயிச்சிருக்கோம்.” வக்கீலம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். “இதுல ஆபத்தும் இருக்கு. புது டாக்டர் பதினொண்ணுக்கும் கீழ போட்டாலும் போடலாம். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

“அப்ப நாங்க என்னங்க செய்யணும்?”

“பொய் சொல்லச் சொல்லமாட்டேன். நீங்க கையை எடுத்துட்டா அவர் எப்படி இருப்பாரு? அந்த ஆளை டாக்டர் பாக்கட்டும். அவ்வளவுதான் நான் சொன்னது.”

தம்பிக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணிச் சட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டான்.

“பரீட்சை முடியற வரைக்கும் மாமாவத் தொடாத.”

“நாறிப் போயிடுவாருடா.”

“நாறட்டும். நாறினாத்தான் மார்க்.”

“அவர்கிட்டயாவது சொல்லிடறேன். பாவம், ஒண்ணும் புரியாம…”

“சொன்னா கெட்டுது! மாமா வெள்ளந்தி. டாக்டர் கேட்டா, ‘என் பொண்டாட்டி குளிக்க வேணாம்னு சொல்லிட்டா’ன்னு அப்படியே ஒப்பிச்சிடுவாரு. வாயே தொறக்காத.”

அவளுக்கும் சரியென்றுதான் பட்டது. இந்த இடத்தில் அவளுக்காகப் பரிந்து பேச எனக்கு வாய் வரவில்லை. கட்டினவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதல் சில நாள் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து காலையில் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார், சட்டையைக் கழற்றச் சுலபமாக இருக்கட்டுமென்று. அவள் பார்க்காதமாதிரி வேலைக்குக் கிளம்பினாள். சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்தால் பாதி சிந்திக் கிடக்கும், எறும்பு மொய்க்கும். தாடி வளர்ந்தது. மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் வேர்வையும் ஈரமுமாக அறைக்குள் நுழையவே குமட்டியது. நாள் முழுக்க வெள்ளை விரிப்புகளை மடித்துவிட்டு வந்து அந்த நாற்றத்தில் படுத்துக்கொள்வாள். ஒருநாள் அவர் கேட்டேவிட்டார்.

“நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

“ஒண்ணுமில்ல. தூங்குங்க.”

“உனக்கு அலுத்துப்போச்சா?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.  

“அலுக்கத்தான் செய்யும்,” என்று அவரே சொல்லிக்கொண்டார். “வாயாடியையும் நான்தானே…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அவள் தூங்குகிறவள்மாதிரி மூச்சுவிட்டாள்.

புது டாக்டரிடம் போகவேண்டிய அன்றைக்கு அவள் ஆலையில் லீவு சொல்லப் போயிருந்தாள். தம்பியின் வண்டியிலேயே திரும்பினாள். வாசலில் இறங்கும்போதே காதில் விழுந்தது. குளியலறையில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“யாருக்கா உள்ள?” என்றான் தம்பி.

கதவு திறந்துதான் இருந்தது. வீட்டுக்காரர் குழாய்க்கு அடியில் நின்றார். ஒரு கையால் சுவரில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல் கிட்டித்து உடம்பு உதறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, “தொறந்துதான் இருக்கு, தொறந்துதான் இருக்கு,” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தாடியை வழித்திருந்தார், மோவாயில் இரண்டு வெட்டு. கொடியில் அவர் எடுத்துவைத்திருந்த வெளுத்த சட்டை தொங்கியது. இஸ்திரிகூடப் போட்டுப் பார்த்திருப்பார் போல, ஒரு கை மட்டும் நேராக இருந்தது.

அவளைப் பார்த்ததும் குழாயை மூடினார். அந்த முகத்தில் எத்தனையோ காலத்துக்கு அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது.

“பாத்தியா? நானே. யாரும் இல்லாம நானே குளிச்சிட்டேன். இனிமே உனக்குச் சிரமம் இல்ல.”

அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் பொம்பளையும் அதைத்தான் செய்வாள். அவளுக்கு அந்த நிமிஷம் கண்ணில் தெரிந்தது டிரம்மின் வாய் ஒன்றுதான். இவர் இப்படிப் பளபளவென்று போய் உட்கார்ந்தால் ஒன்பது போடுவான், எட்டுப் போடுவான், நாளைக்கே அந்தக் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்துவான், செத்தே போவார். அடிவயிற்றிலிருந்து கிளம்பிற்று ஆத்திரம்.

“யாரு உங்களக் குளிக்கச் சொன்னா? யாரு சொன்னா? இன்னைக்குத்தான் கிடைச்சுதா உங்களுக்கு?”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது, போகவில்லை, வரவுமில்லை.

“போச்சு, எல்லாம் போச்சு,” என்று தம்பி தலையில் கைவைத்தான். “நேரமாகுதுக்கா. ஏதாவது பண்ணு.”

பண்ணினாள். வெளுத்த சட்டையைப் பிடுங்கி எறிந்தாள். அழுக்குக் கூடையிலிருந்து பழைய சட்டையை எடுத்து ஈர உடம்பில் மாட்டிப் பொத்தானைக் கோணலாகப் போட்டாள். அடுப்படியில் பாத்திரம் இறக்குகிற பிசுக்குத் துணியை எடுத்துவந்து கழுத்திலும் கையிலும் தேய்த்தாள். தலைமுடியைக் கலைத்துவிட்டாள். அவர் முகத்தைத் திருப்ப, ஆத்திரத்தில் கன்னத்தில் ஒன்று வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நோக்கி அவள் விரல் நீட்டிப் பேசினதுகூடக் கிடையாது. அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவள் செய்வதற்கெல்லாம் வாகாக நின்றார்.

“சத்தம் அப்படியேதான் கேட்டுச்சு,” என்றார் மெதுவாக. “அவன் தட்டுறது கேட்டுச்சு. ஆனாலும் நின்னேன்.”

“வாய மூடிக்கிட்டு வண்டியில ஏறுங்க!”

புது டாக்டர் இளவயசுப் பெண். குரல் மெதுவாக இருந்தது. வீட்டுக்காரரை ஜன்னலோரம் உட்காரவைத்து, மடிப்புக்காரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி போட்டார்.

“உங்களுக்குக் குளிக்க யாராவது உதவி செய்வாங்களா?”

“அவங்கதான் துடைச்சு விடுவாங்க. இப்ப இல்லைங்க.”

கட்டினவளை அவர் ‘அவங்க’ என்று சொல்லி மடிப்புக்காரி கேட்டதே இல்லை.

“ஏன் இப்ப இல்ல?”

அவர் மடிப்புக்காரியைப் பார்த்தார். இதைச் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தெரியலைங்க.”

“இன்னைக்குக் குளிச்சீங்களா?”

“இல்லைங்க. நான் குளிக்கலைங்க. சத்தியமாக் குளிக்கலைங்க.”

தலைமுடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். மோவாயில் இருந்த வெட்டைப் பார்த்தார். பிறகு கன்னத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.  மடிப்புக்காரி என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், வீட்டுக்காரருடைய கோணல் காலரைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா,” என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் அவள் நெடுநேரம் இருந்தாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான். அவர் வெளியே வந்ததும் வண்டிக்கு நடந்தார்கள். வண்டியில் அவர் தம்பி பக்கமாக ஒண்டி உட்கார்ந்துகொண்டார்.

முடிவு வந்த அன்றைக்கு வக்கீலம்மாவே போனில் கூப்பிட்டார். தம்பி ஓடிவந்து போனைச் சத்தமாக வைத்தான். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

“பதினேழு!” என்றார் வக்கீலம்மா. கட்டின தொண்டைகூடத் திறந்துகொண்டதுபோல இருந்தது. “தாண்டிட்டோம். இனிமே யாரும் அவர வேலைக்குக் கூப்பிட முடியாது.”

தம்பி துள்ளினான். “குளிக்காம விட்டது வேலை செஞ்சுது பாத்தியா, நான் சொன்னேன்ல!”

“அதுல பெருசா ஏறலப்பா. சுத்தத்துல கொஞ்சம்தான் கூட்டியிருக்காங்க. அன்னைக்குக் காலைல குளிச்ச ஆளுதான்னு கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. நம்மளக் கரையேத்தினது நாலாவது தலைப்பு. வீட்டு உறவு. போன தடவை அதுல குறையே இல்லைன்னு போட்டிருந்தாரில்ல? இந்தம்மா அதுல போட்டுத் தள்ளிட்டாங்க. படிக்கிறேன் கேளுங்க. ‘மனைவியைக் கண்டு அஞ்சுகிறார். மனைவி கை நீட்டினால் தலையை மறைத்துக்கொள்கிறார். தன்னை நேசித்த கடைசி ஆளும் தன்னை வெறுத்துவிட்டதாக உறுதியாக நம்புகிறார்.’ அந்தத் தலைப்பு இல்லேன்னா கதை கந்தல்தான்.”

மடிப்புக்காரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

“அடேயப்பா அக்கா,” என்றான் தம்பி. “அந்தக் கையை நீட்டின பாரு! மாமாவும் ஒண்ணும் சளைச்சவரில்ல. ரெண்டு பேரும் என்ன நடிப்பு!”

“யாருடா நடிச்சா?” என்றாள் அவள். அவன் கேட்கவில்லை, போனில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தவர், அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கிட்டே போகப் பயமாக இருந்தது.

“எல்லாம் முடிஞ்சிடுச்சுங்க,” என்றாள். “இனிமே நீங்க அந்தக் கூடத்துக்குப் போகவேண்டாம். உங்களுக்காகத்தாங்க அத்தனையும் செஞ்சேன். சத்தியமா உங்களுக்காகத்தான்.”

அவர் சரி என்று தலையாட்டினார். எது சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவார் போலிருந்தது. அவள் அழுகையை அடக்கிக்கொண்டு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

“இன்னைக்கு நான் குளிக்கணுங்களா, குளிக்கக் கூடாதுங்களா? நீங்க முன்னாடியே சொல்லிடுங்க. அப்படியே இருந்துக்கிறேன்.”